பத்தால் வகுக்கவும்

ஜனவரி 9

முயல்களின் பேரரசியும், என் ஒரே அக்காவின் ஒரே வாரிசும், ஒன்றரை வயதில் என் மூக்குக்கண்ணாடியை மென்று துப்பியவளுமான மருமகளுக்கு,

உன் தாய்மாமன் கோடி ஆசிகளோடு எழுதுவது. இங்கே நான் நலம். உன் அத்தை நலம். அவளுடைய கோபம் அமோக நலம். உன் நலத்தையும், அக்கா நலத்தையும், முயல்களின் நலத்தையும் தனித்தனிப் பத்தியில் எழுது.

செய்தித்தாளின் உள்பக்கத்தில், தொலைந்துபோன நாய்க்கும் வாடகைக்கு விடப்படும் மாடிக்கும் நடுவே, கட்டைவிரல் அகலத்தில் உன்னைப் பற்றி வந்திருக்கிறது. பம்பளிமாஸ் தோலில் இருக்கும் ஒரு கசப்புப் பொருள் இரத்தக் குழாய்கள் தடித்து இறுகிப்போவதைத் தடுக்குமா என்று ஓர் "இளம் ஆய்வாளர்" முயல்களை வைத்துப் பார்க்கிறாராம். பெயர் போடவில்லை. அதனால் என்ன? கத்தரித்து, கண்ணாடிச் சட்டம் போட்டு, வாசல் கதவுக்குப் பக்கத்தில் மாட்டிவிட்டேன். படிக்க வந்த கூட்டத்தால் தெருவில் மூன்று நாள் வண்டி எதுவும் நகரவில்லை. காவல்துறை கண்ணீர்ப்புகை கேட்டு மேலிடத்துக்கு எழுதியிருப்பதாகக் கேள்வி.

சிரிக்கிறாய். தெரியும். உன் அம்மா உனக்குப் பால் புகட்டும்போதே "மாமா சொன்னா பத்தால வகுத்துக்கோ" என்று சேர்த்துப் புகட்டியவள் ஆயிற்றே. நான் என்ன செய்ய? முப்பது வருஷம் எடை அளவு ஆய்வாளராகக் கடை கடையாக ஏறி இறங்கினேன். எடைக்கல்லைத் தூக்கிப் பார்த்து, சரியாக இருந்தால் அதன் அடியில் இருக்கும் ஈயத்தில் என் முத்திரையைக் குத்தினேன்: ஒரு வட்டம், நடுவில் ஒரு புள்ளி. அந்த முப்பது வருஷமும் ஒரு கிராம் பொய் சொன்னது கிடையாது. அதற்குள் சேர்ந்துபோன பொய்களை இப்போது ஓய்வில் செலவழிக்கிறேன். அதற்காகத்தான் தொலைபேசி வேண்டாம் என்கிறேன். அதில் எதிர்முனையில் நீ சிரிப்பது கேட்கிறது, எனக்கு வேகம் குறைந்துவிடுகிறது.

போன மாதம் டாக்டர் என் இரத்தக் குழாய்களை இயந்திரம் வைத்துப் பார்த்தார். பார்த்துவிட்டு எழுந்து நின்று கைதட்டினார். பக்கத்து அறை நோயாளிகளும் தட்டினார்கள். இருந்தாலும் குடும்ப விஞ்ஞானத்தை ஆதரிப்பது என் கடமை அல்லவா? சட்டம் மாட்டிய நாளிலிருந்து தினமும் ஒரு குடம் பம்பளிமாஸ் சாறு குடிக்கிறேன். கசப்பில் என் முகம் இடவலமாகத் திரும்பிவிட்டது. பரவாயில்லை.

உன் புகழ் பரப்பும்,
மாமா


ஜனவரி 24

அன்புள்ள மாமாவுக்கு,

வணக்கம். நான் நலம். அம்மா நலம், முட்டிவலி மட்டும் குளிருக்கு எட்டிப் பார்க்கிறது. முயல்கள் நலம்.

செய்தித்தாளில் வந்தது கொஞ்சம் கூடுதல். நடப்பது இதுதான். கொழுப்பு கலந்த தீனி கொடுத்தால் சில மாதங்களில் முயலின் பெரிய இரத்தக் குழாயில் உட்சுவர் தடிக்கும். பாதி முயல்களுக்கு அந்தத் தீனி மட்டும். மீதிப் பாதிக்கு அதே தீனியோடு பம்பளிமாஸ் தோலிலிருந்து எடுத்த பொருளும். எந்தக் கூண்டு எந்தப் பாதி என்று எனக்கே தெரியாது, தெரியக் கூடாது. கடைசியில் குழாயைத் திறந்து சாயம் ஏற்றினால் கொழுப்பு படிந்த இடம் சிவக்கும். எந்தப் பாதியில் சிவப்பு குறைவு என்று அளப்போம். அவ்வளவுதான். இதை மருந்து என்று இங்கே யாரும் சொல்லவில்லை. வாசலில் மாட்டியிருப்பதைக் கழற்றிவிட்டால் நல்லது.

குடத்தைப் பத்தால் வகுத்தேன். ஒரு பெரிய தம்ளர் வந்தது. அதனால் கெடுதல் இல்லை. ஆனால் ஒரு கேள்வி: நீங்கள் மாத்திரை ஏதாவது சாப்பிடுகிறீர்களா? சில மாத்திரைகளுக்கும் இந்தப் பழத்துக்கும் ஒத்துப்போகாது. சாப்பிட்டால் எழுதுங்கள். காரணத்தை விளக்கினால் தெருவில் பந்தல் போட்டுச் சொற்பொழிவு செய்வீர்கள். அதனால் விளக்கவில்லை.

அத்தைக்கு என் வணக்கம்.

உங்கள் மருமகள்


பிப்ரவரி 12

கேள்வி கேட்பதில் வக்கீல்களை வெட்கப்படவைக்கும் மருமகளுக்கு,

இங்கே அனைவரும் நலம் என்று அறிவிக்க அரசு இதழ் ஒன்று அச்சிட நினைத்தேன். காகிதத் தட்டுப்பாடு. ஆகவே இந்தக் கடிதம்.

மாத்திரையா? எனக்கா? என் உடம்புக்குள் கடைசியாகப் போன மாத்திரை, ஒன்றாம் வகுப்பில் நான் தின்ற சுண்ணக்கட்டி. எண்ணிக்கை பூஜ்யம். கொட்டை எழுத்தில் எழுதிக்கொள்.

பழக்கடைக்காரர் என்னைக் கண்டதும் எழுந்து நிற்கிறார். அவருக்கு நான் இன்னும் பழைய "கிராம் ஐயா"தான். நேற்று கேட்டார்:

"என்ன கிராம் ஐயா, தினமும் வந்து இதையே அள்ளிட்டுப் போறீங்க? வீட்டுல விசேஷமா?"

"மருந்துப்பா. இரத்தக் குழாய்க்கு. என் மருமக கண்டுபிடிச்சது."

"இதுவா? இதை ஆடு வந்து மோந்து பாத்துட்டு என்னைத் திட்டிட்டுப் போகுது. மருந்துன்னா சொல்லியிருக்கலாம்ல, எப்பவோ விலையை ஏத்தியிருப்பேனே!"

"ஏத்திக்கோ. ஆனா தராசு நேரா நிக்கணும்."

"நீங்க நிக்கிறப்ப அது தானா நேரா நிக்கும் ஐயா."

இப்போது தெருவில் பாதிப் பேர் பம்பளிமாஸ் வாங்குகிறார்கள். தபால்காரர் உரித்துக்கொண்டே சைக்கிள் ஓட்டுகிறார். காலையில் நானும் உன் அத்தையும் நடக்கப் போகிறோம். அவள் முன்னால். நான் வழிநெடுகக் கடைக்குக் கடை நின்று தராசுகளைப் பார்வையிட்டுவிட்டுப் பின்னால். ஓய்வு பெற்றாலும் கண் ஓயவில்லை.

அக்காவின் முட்டியைக் கேட்டதாகச் சொல்.

மாமா

(பின்குறிப்பு: அத்தை எழுதுகிறேன். தராசு இல்லாத துணிக்கடை வாசலிலும் நிற்கிறார். அடுத்தது செருப்புக்கடை. என்னவென்று கேட்டால் "நீ முன்னால போ" என்கிறார்.)

(மேற்கண்டது எதிர்க்கட்சியின் அறிக்கை. மாமா.)


மார்ச் 20

அன்புள்ள மாமாவுக்கு,

தாமதத்துக்கு மன்னியுங்கள். நாங்கள் நலம். அம்மா முட்டிக்கு ஒரு பட்டை வாங்கிவிட்டாள். அதை அணிந்துகொண்டு முன்பைவிட அதிகம் வேலை செய்கிறாள்.

இங்கே வேலை ஒரே மாதிரி. காலையில் எடை பார்ப்பது, தீனி அளப்பது, கூண்டு கழுவுவது. கூண்டுகளைப் பார்த்துக்கொள்பவரை முயல்காரர் என்றுதான் எல்லோரும் கூப்பிடுகிறோம். நேற்று ஒரு முயலை மடியில் வைத்துக்கொண்டு, "இதுங்க சாப்பிடற சாப்பாட்டைப் பாத்தா எனக்கே நெஞ்சை அடைக்குதும்மா" என்றார். அதற்கு மேல் செய்தி இல்லை.

அத்தையின் பின்குறிப்பு வகுக்க முடியாத வகையைச் சேர்ந்தது. அதனால் கேட்கிறேன். நடக்கும்போது கெண்டைக்கால் இறுகிப் பிடிக்கிறதா? நின்றால் விட்டுவிடுகிறதா? காலுக்குப் போகும் குழாய் குறுகினால் அப்படித்தான் இருக்கும். ஆம், இல்லை என்று ஒரு சொல்லில் எழுதினால் போதும்.

உங்கள் மருமகள்


ஏப்ரல் 6

ஒரு சொல்லில் பதில் கேட்கும் சர்வாதிகாரிக்கு,

நலம், நலம், நலம். மூன்று முறை எழுதியிருக்கிறேன், வகுத்தாலும் கொஞ்சம் மிஞ்சும்.

ஒரு சொல்லில் பதில் சொல்வது நம் பரம்பரையில் கிடையாது. உன் தாத்தாவிடம் மணி என்ன என்று கேட்டவர்கள் இரவுச் சாப்பாட்டையும் முடித்துக்கொண்டுதான் போவார்கள். என் கெண்டைக்கால்களோ இரண்டு இரும்புத் தூண்கள். துறைமுகத்தில் கப்பல் கட்டக் கேட்டார்கள். நான்தான் வீட்டுக்கு வேண்டும் என்று கொடுக்கவில்லை.

இதைக் கேள். போன ஞாயிறு படிப்பகத்தில் ஓய்வு பெற்றவர்கள் கூட்டம். பழைய வங்கிக்காரர் ஒருவர் தன் மகன் வெளிநாட்டில் வாங்கிய காரைப் பற்றி ஒரு மணி நேரம் பேசினார். காரின் இருக்கை தானாகச் சூடாகுமாம். நான் எழுந்தேன். "ஐயா, உங்க பையன் உக்கார்ற இடத்தைச் சூடாக்கறான். எங்க வீட்டுப் பொண்ணு ஊர் முழுக்க அடைச்சிருக்கிற இரத்தக் குழாயைத் திறக்கறா" என்றேன். கைதட்டலில் மின்விசிறி ஒன்று கழன்று விழுந்தது. வங்கிக்காரர் இப்போது காலையும் மாலையும் பழம் சாப்பிடுகிறார், என்னிடம் வந்து "ஐயா, முயல் எப்படி இருக்கு?" என்று விசாரிக்கிறார்.

ஆகவே முயல் முடிவு வந்ததும் முதல் கடிதம் எனக்கு. உலகத்துக்கு அப்புறம் சொல்லலாம். ஊரே என் வாசலில் நிற்கிறது.

மாமா


மே 30

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். அம்மா விசாரித்தாள்.

முயல் வேலை முடிந்தது. சாயம் ஏற்றிப் படங்கள் எடுத்தாயிற்று. எண்களைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறோம், நாளாகும். முயல்காரர் ஒரு வாரமாக யாரோடும் பேசுவதில்லை. கூண்டுகள் காலியாக இருக்கின்றன.

பழம் கசப்பாக இருந்தால் விட்டுவிடுங்கள். எனக்காகக் குடிக்க வேண்டும் என்று இல்லை.

கால் பற்றி நீங்கள் பதில் எழுதவில்லை.

மருமகள்


ஜூன் 8

எண்களின் இடுப்பை ஒடிக்கும் மருமகளுக்கு,

இங்கே நாங்கள் நலம் என்ற செய்தியைப் பறையறைந்து சொல்ல ஆளைத் தேடுகிறேன். நானே போக என் கால்கள் அனுமதி மறுக்கின்றன.

பழத்தை விடுவதா? ஒரு தளபதி போரின் நடுவே குதிரையை விற்பானா? ஒரு குடம் என்பதை இரண்டு குடமாக உயர்த்தி உத்தரவு பிறப்பித்துவிட்டேன்.

கால்கள் என்றேன் அல்லவா? அவை வேலைநிறுத்தத்தில் இருக்கின்றன. தொடைகளும் தோள்களும் அதற்கு ஆதரவு தெரிவித்து வெளிநடப்பு செய்துவிட்டன. தினமும் நான் தூங்கியதும் ஆயிரம் யானைகள் வரிசையாக வந்து என்மேல் மிதித்துவிட்டு, விடிவதற்குள் தடயமில்லாமல் போய்விடுகின்றன. சட்டைக்குள் கையை நுழைக்க ஒரு மக்கள் இயக்கமே தேவைப்படுகிறது. மாடிப்படி பதினொன்றும் பதினொரு மலைகள். நேற்று ஏழாவது மலையில் முகாமிட்டு, உன் அத்தையைக் கூப்பிட்டுக் காப்பி வரவழைத்துக் குடித்தேன். அவள் என்ன சொன்னாள் தெரியுமா?

"மேல போகலைன்னா கீழ வாங்க. நடுவுல உக்காந்து யாரை மேய்க்கிறீங்க?"

மலையேறுபவனின் வேதனை அடிவாரத்தில் இருப்பவர்களுக்கு எங்கே புரியும்!

முயல் முடிவு என்ன ஆயிற்று? வங்கிக்காரர் தினமும் வந்து கேட்கிறார். என்னால் அவர் முகத்தில் விழிக்க முடியவில்லை.

மாமா


ஜூன் 19

அன்புள்ள மாமாவுக்கு,

உங்கள் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். ஏழாவது மலைக் காப்பியில் அவளுக்குப் புரையேறிவிட்டது.

ஆயிரம் யானையைப் பத்தால் வகுத்தால் நூறு. உங்கள் அறையில் நூறு நிற்காது, மறுபடி வகுத்தேன், பத்து. பதினொரு மலையை வகுத்தால் ஒரு மலையும் ஒரு குன்றும். உங்கள் வயதுக்கு அது நியாயமான கணக்கு. வெந்நீர் ஒற்றடம் கொடுங்கள். இரண்டு நாள் நடைக்கு விடுமுறை விடுங்கள்.

முடிவு எழுதும் வேலை நடக்கிறது. வங்கிக்காரரிடம் பொறுக்கச் சொல்லுங்கள்.

மருமகள்


ஜூலை 2

அன்புள்ள மருமகளுக்கு,

நலமா.

மூன்று நாளாகப் படுக்கையிலிருந்து எழச் சுவரைப் பிடிக்க வேண்டியிருக்கிறது. தொடையைத் தொட்டால் வலிக்கிறது. மாடி ஏறவில்லை. சிறுநீர் குறைவாகப் போகிறது. நிறம் பால் விடாத காப்பி போல் இருக்கிறது. காய்ச்சல் இல்லை. பேனா பிடிக்கக் கை தளர்கிறது.

நிறத்தைப் பற்றி அத்தையிடம் சொல்லவில்லை.

உன் வேலை எப்படிப் போகிறது?

மாமா


ஆகஸ்ட் 11

அன்புள்ள மாமாவுக்கு,

நேற்று திரும்பி வந்து சேர்ந்தேன். அம்மா நலம். நீங்கள் கொடுத்தனுப்பிய பொட்டலத்தைப் பிரித்துப் பார்த்து அழுதாள், பிறகு "இதுலயும் எடை போட்டு எழுதியிருக்கான் பாரு" என்று சிரித்தாள்.

மருத்துவமனையில் உங்களோடு ஒரு மாதம் இருந்தும் நாம் பேசவே இல்லை. முதல் வாரம் நீங்கள் தூங்கினீர்கள். மீதி நாளெல்லாம் செவிலியர்களுக்கு யானைக் கதை சொன்னீர்கள். அதனால் எழுதுகிறேன்.

ஜூலை இரண்டாம் தேதிக் கடிதம் இரண்டு நாளில் வந்தது. ஆய்வகத் தாழ்வாரத்தில் நின்று படித்தேன். முதலில் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தேன், பின்னால் ஏதாவது இருக்குமென்று. இல்லை. வகுக்க ஒன்றுமே இல்லை. ஒரு யானை இல்லை, ஒரு குடம் இல்லை. காப்பி போல் என்று எழுதியிருந்தீர்கள், காப்பிக் கடல் என்று எழுதவில்லை. முயல்காரர் பார்த்துவிட்டு, "என்னம்மா, யாருக்கு என்ன?" என்றார். "மாமா பொய் சொல்லலைங்க" என்றேன். அவர் என்னை நாற்காலியில் உட்காரவைத்தார். பைத்தியம் என்று நினைத்திருப்பார்.

அத்தையைத் தொலைபேசியில் கூப்பிட்டேன்.

"அத்தை, மாமா என்ன மாத்திரை சாப்பிடறாரு?"

அத்தை குரலைத் தாழ்த்தினார்.

"உனக்கு யார் சொன்னா? உங்கிட்ட மூச்சு விடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காரு."

"கொழுப்புக்கா?"

"ஆமா. போன டிசம்பர்லேருந்து. கால் குழாய் ரெண்டும் பாதி அடைச்சிருக்குன்னு டாக்டர் சொன்னாரு. நடை சரியாகலைன்னு மே மாசம் மாத்திரையை ரெண்டாக்கினாரு."

"அத்தை, இப்பவே வண்டி பிடிங்க. மருத்துவமனைக்கு. பழத்தையும் சொல்லுங்க, மாத்திரையையும் சொல்லுங்க. ரெண்டையும் ஒரே டாக்டர்கிட்ட சொல்லுங்க."

அதைத்தான் யாரும் செய்யவில்லை. "வேறு ஏதாவது சாப்பிடுகிறீர்களா?" என்று டாக்டர் கேட்டபோது பழத்தை மறைத்தீர்கள். நான் கேட்டபோது மாத்திரையை மறைத்தீர்கள். எங்கள் இருவரில் யாருக்கு இரண்டும் தெரிந்திருந்தாலும் ஜனவரியிலேயே முடிந்திருக்கும்.

அன்று விளக்காமல் விட்ட காரணத்தை இப்போது எழுதுகிறேன். அந்த மாத்திரையில் பெரும்பகுதியைக் குடலே உடைத்துவிடும். மிச்சம்தான் இரத்தத்துக்குப் போகும். அந்தக் கணக்கை வைத்துத்தான் டாக்டர் அளவு எழுதுகிறார். பம்பளிமாஸ் அந்த உடைக்கும் வேலையைத் தடுத்துவிடும். உடையாத மாத்திரை முழுசாக இரத்தத்தில் ஏறும். அளவு கூடினால் தசை சிதையும், சிதைந்த தசை சிறுநீரகத்தை அடைக்கும். அந்தக் காப்பி நிறம் உங்கள் தொடைத் தசையின் நிறம், மாமா. சுருக்கமாகச் சொன்னால், பழம் உங்களைப் போல. ஒரு மாத்திரையைப் பல மாத்திரை என்று உடம்பிடம் சொல்லிவிட்டது. உடம்பு அப்படியே நம்பிவிட்டது. அதற்கு வகுக்கத் தெரியாது.

எனக்குத் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். நீங்கள் கூட்டிச் சொன்னதையெல்லாம் வகுத்தேன். இல்லை என்று சொன்னதை என்ன செய்வது? பூஜ்யத்தை எதால் வகுத்தாலும் பூஜ்யம். அதை அப்படியே எடுத்துக்கொண்டேன். ஜூன் மாதம் நீங்கள் எழுதிய யானைகள் எல்லாம் உண்மையாகவே வந்தவை. அவற்றை வகுத்து வேடிக்கை பார்த்தது நான்.

இன்னும் ஒன்று. முயல் முடிவு மே மாதம் இருபதாம் தேதியே வந்துவிட்டது. படங்களை மேசையில் இரண்டு வரிசையாகப் பரப்பி, எந்த வரிசை எது என்று அன்றுதான் சொன்னார்கள். இரண்டு வரிசையிலும் ஒரே சிவப்பு. வித்தியாசம் இல்லை. எங்கள் துறைத் தலைவி, "சரி, அப்படியே எழுதிடு" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார். நான் உங்களுக்கு மட்டும் எழுதவில்லை. வாசலில் சட்டம் மாட்டியிருக்கிறீர்கள், வங்கிக்காரர் தினமும் வருகிறார் என்றெல்லாம் யோசித்தேன். மே முப்பதாம் தேதிக் கடிதத்தில் "பழத்தை விட்டுவிடுங்கள்" என்றதற்குப் பதில் "பழத்தில் ஒன்றும் இல்லை" என்று எழுதியிருந்தால் அப்போதே நிறுத்தியிருப்பீர்கள்.

சிறுநீரகம் தேறிவிட்டது என்று டாக்டர் சொன்னதை எழுத்தில் வாங்கி வைத்திருக்கிறேன். கால் குழாய் பழையபடிதான் இருக்கிறது. புது மாத்திரையை நிறுத்தாதீர்கள். பழம் வேண்டாம், பழத்தின் தோல்கூட வேண்டாம். ஒரு கோரிக்கை: இனி எழுதும்போது எதை வகுக்க வேண்டும், எதை வகுக்கக் கூடாது என்று ஏதாவது அடையாளம் போடுங்கள்.

மருமகள்


ஆகஸ்ட் 27

வித்தியாசம் இல்லை என்று எழுதிய வீராங்கனைக்கு,

ஆயிரம் சிறுநீரகங்கள் படைத்த உன் மாமன் எழுதுவது. நலம். உன் அத்தை நலத்தின் சிகரத்தில் இருக்கிறாள். அவள் கோபம் மட்டும் மருத்துவமனையில் இளைத்துவிட்டது, ஊட்டம் கொடுத்து வளர்த்து வருகிறோம்.

உன் கடிதத்தை மருத்துவமனையில் படித்த மறுநாள் நான் வீடு திரும்பினேன். தெருவே திரண்டு நின்றது. தேர் இழுப்பதுபோல் என் சக்கர நாற்காலியை இழுத்தார்கள். வடம் அறுந்து இரண்டு பேருக்குக் காயம். பழக்கடைக்காரர் முன்வரிசையில் நின்று கேட்டார்:

"கிராம் ஐயா, அப்ப இந்தப் பழம் மருந்து இல்லையா?"

"இல்லைப்பா. முயலுக்கு வேலை செய்யலை. எனக்கு அளவுக்கு மேல வேலை செஞ்சிடுச்சு."

"அடக் கடவுளே! அப்ப விலையைக் குறைக்கணுமா?"

"குறைக்க வேண்டாம். யாராவது அள்ளிட்டுப் போனா, என்ன மாத்திரை சாப்பிடறீங்கன்னு கேளு. கேட்டுட்டு எடை போடு."

"நான் பழம் விக்கணுமா, நாடி பிடிக்கணுமா?" என்று முனகினார். ஆனாலும் நேற்று வங்கிக்காரரிடம் கேட்டதைக் காதால் கேட்டேன். வங்கிக்காரர் மூன்று மாத்திரை பெயர் சொன்னார். அவருக்கு ஆரஞ்சும் கிடையாது, பம்பளிமாஸும் கிடையாது என்று வாழைப்பழம் கொடுத்து அனுப்பிவிட்டார். வங்கிக்காரர் என் டாக்டரிடம் போய் விசாரித்துவிட்டு வந்து, என் கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் விடவே இல்லை. கார் இருக்கையைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை.

வாசலில் மாட்டிய சட்டத்தைக் கழற்றச் சொன்னாய். கழற்ற மாட்டேன். நான் முத்திரை குத்திய காலத்தில் எடை குறைந்த கல்லை "சரி" என்று எழுதச் சொல்லி எத்தனை கடைக்காரர்கள் என் சட்டைப்பையைத் தடவினார்கள், தெரியுமா? ஒரு கோடிப் பேர். சரி, வகுத்துக்கொள். நீயோ உன் சொந்தக் கல்லையே தூக்கிப் பார்த்துவிட்டு "குறைவு" என்று எழுதியிருக்கிறாய். எனக்குத்தான் தாமதமாக எழுதினாய், உலகத்துக்கு நேரத்தோடு எழுதிவிட்டாய். அதனால் கண்ணாடியை எடுத்து, செய்தித் துண்டுக்குக் கீழே என் பழைய அலுவலகக் கையெழுத்தில் சேர்த்துவிட்டேன்: "முயல்களில் பார்க்கப்பட்டது. வித்தியாசம் இல்லை." கூட்டம் முன்பைவிட அதிகம். ஹெலிகாப்டரிலிருந்து படிக்கிறார்கள்.

உன் கோரிக்கை பரிசீலிக்கப்பட்டது. அடையாளம் வேண்டும் என்கிறாய். பரணில் ஏறச் சொல்லி உன் அத்தையை ஏற்றினேன். முத்திரை குத்தும் பழைய உளி கிடைத்தது. காகிதத்தில் குத்தினால் ஓட்டை விழுகிறது, ஆகவே பேனாவாலேயே வரைகிறேன்: வட்டம், நடுவில் புள்ளி. முத்திரை இல்லாத வரிகளை நீ இஷ்டம்போல் வகுத்துக்கொள். முத்திரை உள்ள வரியில் கை வைக்காதே.

அக்காவுக்கு என் அன்பு, நூறு வண்டி நிறைய.

இன்று செருப்புக்கடை வரை நடந்தேன். இரண்டு இடத்தில் நின்றேன். கெண்டைக்கால் பிடித்தது. ⊙

மாத்திரை சாப்பிட்டேன். பழம் தொடவில்லை. ⊙

அன்று அந்த நிறத்தைப் பார்த்துவிட்டு உனக்கு எழுத உட்கார்ந்தபோது, எவ்வளவு யோசித்தும் ஒரு பொய்கூட வரவில்லை. ⊙

மாமா